காற்று அடித்தும் திரும்ப வரும் மஞ்சள் விளக்கு

சென்னைப் புறநகரான நூம்பலில் இருந்து வேலப்பன்சாவடி பக்கம் போனால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. ஐயப்பன்தாங்கல் பக்கம் வந்தால், மெட்ரோ ரயில் பணிக்காகப் பல ஆண்டுகள் தோண்டப்பட்ட மவுண்ட் – பூந்தமல்லி சாலை. இடையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு வீடோ அடுக்குமாடியோ எழும்பிக்கொண்டிருக்கிறது. சென்ட்ரிங் பலகையிலிருந்து உதிர்ந்த ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, கூரைத் தகட்டில் மாட்டும் திருகாணி எல்லாம் சாலையோர மண்ணில் கிடக்கும். அதனால் இந்தப் பக்கத்துப் பங்சர் கடைகளுக்கு வேலை குறைவதே இல்லை. அண்மை ஆண்டுகளில் அங்கே புதுவிதமான வாடிக்கையாளர் ஒருவர் வரத் தொடங்கியிருக்கிறார். அவருடைய காரில் நான்கு டயரும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். குதிரை லாடம் போன்ற வளைவு, நடுவே ஓர் ஆச்சரியக்குறி.

“போன வாரம்தாண்ணே காத்து அடிச்சேன். திரும்பவும் லைட்டு வருது.”

“முப்பத்து மூணு வெச்சிடவா சார்?”

“வெச்சிடுங்க.”

காற்று ஏறுகிறது, விளக்கு அணைகிறது, வண்டி கிளம்புகிறது. சில நாள் கழித்து அதே கார், அதே விளக்கு. விளக்கை அணைத்தார்களே தவிர, அது ஏன் எரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. புதிய கார் வாங்கிய பலரும் இந்தச் சுற்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில், “இந்த சென்சாரே இப்படித்தான்” என்று சலித்துப்போய், எரிகிற விளக்கோடு ஓட்டப் பழகிவிடுகிறார்கள். இதில் உண்மையான ஆபத்து அந்தப் பழக்கம்தான்.

இந்த விளக்கு கார்களுக்குள் வந்த கதை உயிர்ச்சேதத்தில் தொடங்குகிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்தோல் ஓடும்போதே பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த விபத்துகளில் இறந்தவர்கள் 270 பேருக்கும் மேல். அந்தக் காருக்கு ஃபோர்டு சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. டயர் நிறுவனம் சொன்னதோ 30. குற்றம் யாருடையது என்ற சண்டை நீண்டுகொண்டே போனது. ஆனால், காற்று குறைந்த டயர் ஓடும்போது என்ன ஆகும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்கிறது, உள்ளே சூடு ஏறுகிறது, ரப்பரும் கம்பி அடுக்கும் ஒன்றை ஒன்று விடத் தொடங்குகின்றன. அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு கட்டாயம் ஆனது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அதே நிலை.

பலன் கிடைக்காமல் இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2012-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, டயரில் காற்று மிகவும் குறைந்த நிலையில் ஓடும் வாய்ப்பு இந்த அமைப்பு உள்ள கார்களில் 55.6 சதவீதம் குறைந்திருந்தது.

இந்தியாவுக்கு இது வேறு வாசல் வழியாக வந்தது. 2020 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு, பங்சர் சரிசெய்யும் கிட் மூன்றும் இருந்தால் காரில் ஸ்டெப்னி வைக்கத் தேவையில்லை என்றது அந்தத் திருத்தம். எல்லாக் கார்களுக்கும் இந்த அமைப்பு கட்டாயம் என்று அது சொல்லவில்லை. அதாவது, வெளிநாடுகளில் உயிர் காக்கும் கருவியாகக் கட்டாயமானது, இங்கே ஐந்தாவது டயரை விடுவதற்கான நிபந்தனையாக நுழைந்தது. வாங்குபவருக்கு அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. வண்டி டெலிவரி எடுக்கும் நாளில் சன்ரூஃபும் புளூடூத்தும் விளக்கப்படுகிற அக்கறையோடு இந்த மஞ்சள் விளக்கு விளக்கப்படுவதில்லை.

இதில் இரண்டு வகை உண்டு. தன் காரில் இருப்பது எது என்று தெரியாதவருக்கு மீதி எதுவும் பிடிபடாது. முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், வால்வை ஒட்டி, ஒரு சிறிய சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை நேரடியாக அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். திரையில் நான்கு டயருக்கும் நான்கு எண்கள் தெரிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டாவது வகையில் டயருக்குள் எதுவுமே இல்லை. ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் அதே சென்சார்கள்தான் இங்கும் வேலை செய்கின்றன. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் அந்தச் சக்கரம் மற்ற மூன்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பிடித்து எச்சரிக்கும். டாடா நெக்ஸானின் பல ரகங்களில் இருப்பது இந்த இரண்டாம் வகை.

இரண்டாம் வகைக்கு ஒரு முக்கியக் குணம். அதற்கு எது சரியான காற்று என்று தானாகத் தெரியாது. நாம் சொல்ல வேண்டும். நான்கு டயரிலும் சரியாகக் காற்று அடித்துவிட்டு ரீசெட் செய்தால், அந்த நிலையைத்தான் அது அளவாக எடுத்துக்கொள்ளும். காற்று அடித்தபின் ரீசெட் செய்யாமல் விட்டாலும், டயர்களை முன்பின் மாற்றிப் போட்டாலும், ஒரு டயரை மட்டும் புதிதாக வாங்கி மாட்டினாலும் விளக்கு மறுபடி வரலாம். இதைவிட மோசமானது, காற்று குறைந்திருக்கும்போதே விளக்கின் தொல்லை பொறுக்காமல் ரீசெட்டை அழுத்துவது. அப்போது குறைந்த காற்றையே சரியான அளவாக அது எடுத்துக்கொள்ளும். விளக்கு அணைந்திருக்கும், டயர் தளர்ந்தே ஓடும். நான்கு டயரிலும் ஒரே அளவில் மெல்ல மெல்லக் காற்று இறங்கினாலும் இந்த வகை ஏமாந்துபோக வாய்ப்புண்டு.

அடுத்தது சூடு. நம் ஊரில் அதிகம் கண்டுகொள்ளப்படாத காரணம் இதுதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று போட்டிருந்தால், அது டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. மே மாத மதியம் மதுரவாயல் பைபாஸில் ஓட்டி வந்து, பெட்ரோல் பங்கில் நிறுத்தி, 55 டிகிரி சூட்டில் இருக்கும் டயரில் 33 வைத்தால் என்ன ஆகும்? மறுநாள் விடிகாலை மழை பெய்து 25 டிகிரிக்கு இறங்கியிருந்தால், கணக்குப்படி அந்த டயரில் 28 அல்லது 29 தான் இருக்கும். அதற்கு மேல், எந்தக் கோளாறும் இல்லாத டயரிலிருந்தே மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ தானாக இறங்கும். ஆணியே குத்தாமல் விளக்கு திரும்ப வருவதற்கு இவை போதும். வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பங்குக்கு, வெயில் ஏறுவதற்கு முன், ஓரிரு கிலோமீட்டருக்குள் போய் அடித்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி தீரும்.

காலையில் அடித்தும், ரீசெட் செய்தும், ஒரே டயர் திரும்பத் திரும்ப இறங்குகிறதா? அப்படியானால் அது கசிவு. காற்று மட்டும் அடித்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை; சக்கரத்தைக் கழற்றச் சொல்ல வேண்டும். விவரமான கடைக்காரர் முதலில் வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுவார். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின்னை மாற்றினால் போதும். சில ரூபாய்ச் செலவு. இல்லையென்றால் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே பார்ப்பார். டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பில் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் வரிசையாக எழும். அலாய் வீலில் அந்த இடத்தில் உப்புப் பூத்திருக்கும், அல்லது பள்ளத்தில் இடித்து ரிம் லேசாக வளைந்திருக்கும். முன்பு எப்போதோ திரி வைத்துச் சரிசெய்த பங்சர், சரியாக அடைபடாமல் மூச்சு விடுவதும் உண்டு. அந்த இடத்துக்கு டயரைக் கழற்றி உள்பக்கமாக ஒட்டும் பேட்ச்தான் நல்லது. பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்டவே கூடாது. டயரை மாற்ற வேண்டும்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிடம்போல் மின்னி மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் அது வேறு செய்தி. பல கார்களில் அதற்குப் பொருள், காற்றில் கோளாறு இல்லை, அமைப்பிலேயே கோளாறு என்பது. சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வரை தாங்கும். தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும். டயர் மாற்றும்போது லீவர் பட்டு சென்சார் உடைவதும் நடக்கிறது. உள்ளே சென்சார் இருக்கிறது என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது காரைக் கொண்டுவருபவரின் பொறுப்பு.

எல்லாவற்றையும் கார் வைத்திருப்பவர் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. பெட்ரோல் பங்குகளில் இலவசமாகக் காற்று தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வகுத்த விதி. ஆனால் காற்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் இல்லாத பங்குகளும், “மெஷின் ரிப்பேர்” என்று அட்டை தொங்கும் பங்குகளும் எத்தனை! ஒரு பங்கில் 33 காட்டும் டயர், அடுத்த பங்கில் 30 காட்டினால் வண்டிக்காரர் எதை நம்புவார்? பெட்ரோல் போடும் பம்பைச் சட்டமுறை எடையளவு அதிகாரிகள் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். லிட்டரில் சில மில்லி குறைந்தால் நாம் போய்ச் சண்டை போடுகிறோம். உயிர் சம்பந்தப்பட்ட காற்று அளவுக்கும் அதே கண்டிப்பு நடைமுறையில் தெரிய வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்கள், ஒரகடத்தில் டயர் செய்கிறார்கள், இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கிறது நூம்பல். இந்தப் பகுதியில் காரை ஒப்படைக்கும் ஒவ்வொரு விற்பனையகமும், ரீசெட் எங்கே இருக்கிறது, எப்போது அழுத்த வேண்டும், எப்போது அழுத்தவே கூடாது என்பதைச் சாவி கொடுக்கும்போதே பத்து நிமிடம் செலவழித்துக் காட்ட வேண்டும். மத்திய அரசு இந்த அமைப்பை ஸ்டெப்னிக் கணக்கிலிருந்து பிரித்தெடுத்து, விலை குறைந்த கார் உட்பட எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். விளக்கு இப்போதே எரிந்துகொண்டிருக்கும் காரை வைத்திருப்பவர்கள், அடுத்த ஸ்ரீபெரும்புதூர் பயணத்துக்கு முன் அந்தச் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.