தோல்பூர் மாளிகைக்குச் செல்வோர்க்கு

ஆண்டின் தொடக்க மாதங்களில் தில்லித் தமிழர் இல்லங்கள் பலவற்றுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வருவதுண்டு. கையில் ஒரு பெட்டியும் சான்றிதழ்க் கட்டுமாக ரயிலிலிருந்து இறங்கும் தம்பியோ தங்கையோ, ஷாஜஹான் சாலைக்கு எவ்வாறு செல்வது என்று கேட்பர். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நேர்முகத் தேர்வு அங்குள்ள தோல்பூர் மாளிகையில் நடைபெறுகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அவ்வாயிலை நாடிச் செல்கின்றனர். அவர்களுக்கும், அவர்களைவிட மிகுதியாக அஞ்சும் பெற்றோர்க்கும் இம்மாதம் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

குடிமைப் பணித் தேர்வில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1,750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275. இந்த 275-இல் இத்தனை பெற்றே தீரவேண்டும் என்ற வரம்பு கிடையாது. எழுத்துத் தேர்வில் ஒருவர் பெற்ற மதிப்பெண் குழுவினர்க்குத் தெரிவிக்கப்படுவதுமில்லை. நேர்முகத்துக்கு அளவு மீறி மதிப்பெண் ஒதுக்குவது தன்விருப்பத்துக்கு இடம் தரும் என்று 1985-இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகமே நீக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் நம் பெரியவர்கள் சிலர் தெரிந்த அதிகாரி எவரேனும் உண்டா என்று வீடு வீடாக விசாரிக்கின்றனர். சிபாரிசு தேடுவது தகுதியிழப்புக்கே காரணமாகும் என்பதை அவர்கள் அறிதல் நலம்.

நேர்முகம் குறுக்கு விசாரணை அன்று, நோக்கமுடைய இயல்பான உரையாடலே என்பது ஆணையத்தின் அறிவிக்கையிலேயே காணும் கருத்து. கற்ற கல்வியை எழுத்துத் தேர்வு அளந்துவிட்டது. எஞ்சியிருப்பது, இவரை நம்பி ஒரு மாவட்டத்தை ஒப்படைக்கலாமா என்னும் வினா. ஆகவே, தெரியாததைத் தெரியாது என்று அமைதியாகச் சொல்வதும் ஒரு விடையே. தெரிந்ததுபோல் சுற்றி வளைத்துப் பேசுபவரிடம் நாளை ஒரு கோப்பு சென்றால் அவர் என்ன செய்வார் என்று குழுவினர் எண்ணிப் பார்க்க மாட்டார்களா? மாதிரி நேர்முகம் ஒன்றிரண்டு பழகுவதில் தவறில்லை. பத்துப் பதினைந்து பழகியவர் பேச்சில் மனப்பாட வாடை வீசத் தொடங்கிவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கென்றே உள்ள இடர் ஒன்றுண்டு. நேர்முகத்தில் எழும் வினாக்கள் பல, விண்ணப்பத்தில் அவர்களே எழுதிக் கொடுத்தவற்றிலிருந்து பிறப்பன. கரோல் பாகில் வளர்ந்த பிள்ளை, தந்தையின் ஊராகிய தஞ்சை மாவட்டத்தைத் தன் ஊராகக் குறிப்பிடுகிறான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்படாவிடில் குறுவை என்னாகும் என்று கேட்டால், கோடை விடுமுறையில் மட்டும் ஊர் கண்டவன் என்ன சொல்வான்? பொழுதுபோக்கு கருநாடக இசை என்று எழுதுகிறாள் ஒரு பெண். சிறு வயதில் ஈராண்டு பாட்டு வகுப்புக்குச் சென்றதன் நினைவு அது. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்திமம் ஒன்றே வேறுபாடு என்பதேனும் நினைவிருக்க வேண்டாவா? தில்லியில் வளர்ந்தேன், பெற்றோரின் ஊர் தஞ்சை என்று உள்ளபடி கூறுவதில் குறைவொன்றும் இல்லை. இரண்டு ஊர்களுக்கிடையே வளர்ந்தவர்க்குச் சொல்ல எவ்வளவோ உண்டு. ஊரைப் பற்றி அறிய விரும்பினால் தாத்தாவிடமும் பாட்டியிடமும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து கேட்கலாம். எந்தப் பயிற்சி நிலையமும் அதைத் தர இயலாது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதியவர் நேர்முகத்திலும் தமிழிலேயே பேசலாம். ஆங்கிலம் தடுமாறும் என்று அஞ்சுவோர் இவ்வுரிமையைக் கூச்சத்தினால் கைவிட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச நேர்ந்தால் வாக்கியங்கள் குறுகியிருக்கட்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உள்ளே நடப்பது ஏறக்குறைய அரை மணி நேரப் பேச்சுதான். ஆயினும் முறை வரும்வரை நெடுநேரம் காத்திருக்க நேரிடும். பிள்ளை களைத்துத் திரும்புவான். எத்தனை வினா, எத்தனைக்குச் சரியாக விடை சொன்னாய் என்று வாயிற்படியிலேயே கணக்குக் கேட்க வேண்டா. ரசம் சூடாக இருக்கிறதா என்று பார்த்து இலையைப் போடுங்கள்.