மழையில் நின்ற வைப்பர்

வயதான மோட்டார் வண்டிகளுக்கும் வயதான மனிதர்களைப் போலவே சில பிடிவாதங்கள் உண்டு. என்னிடமுள்ள 1947-ம் வருஷத்துச் செவர்லே வண்டியின் பிடிவாதம், அவசரமான சமயத்தில் மழையைத் துடைக்க மாட்டேன் என்பது. சாதாரணமாகப் போகும்போது முன் கண்ணாடியின் வைப்பர் ஒழுங்காக ஆடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் அப்படியே நின்றுவிடும். இதை ஒரு வேடிக்கையாகவே நான் வெகு காலம் சிநேகிதர்களிடம் சொல்லி வந்தேன். அது வேடிக்கையல்ல என்பதைச் சென்ற ஐப்பசியில் தெரிந்துகொண்டேன்.

மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதற்காக நானும் என் மனைவியும் வேலூரிலிருந்து கண்ணமங்கலத்துக்குப் புறப்பட்டோம். கணியம்பாடியைத் தாண்டியதும் அடைமழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு லாரி சேற்று நீரை வாரி இறைத்துக்கொண்டு ஊர்ந்தது. "மெதுவாகவே போங்கள், முகூர்த்தம் இன்றைக்கு இல்லையே!" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. எதிரே தண்ணீர்த் திரையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பயந்து காலை எடுத்தேன். வைப்பர் மறுபடி ஒரு வீச்சு வீசியது. அந்த ஒரு வீச்சில், பத்தடி தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தது!

பிரேக் பிடித்தது, தெய்வாதீனமாக வண்டி நின்றது. சைக்கிளில் வந்த இளைஞர் சாலையோரத்துச் சேற்றில் சாய்ந்து விழுந்தார். ஓடிப் போய்த் தூக்கினேன்.

"தம்பி, அடி ஏதாவது பட்டதா?"

"எனக்கு ஒன்றுமில்லை, ஸார். பாவு நனையாமல் இருந்தால் போதும்" என்றார் அவர், மார்போடு அணைத்திருந்த மூட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே. மூன்று புடவைக்கான பட்டுப் பாவு அது. ஒரு குடும்பத்தின் பல நாள் ஜீவனம் என் அவசரத்தால் சேற்றில் விழ இருந்தது. அவரையும் மூட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மெள்ள மெள்ளக் கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தோம்.

அவருடைய தகப்பனார் எழுபது வயது நெசவாளர். நடந்ததைக் கேட்டு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது. நகரத்தில் ஒரு பட்டறையில், "இந்த வைப்பர் மோட்டார் செத்துப்போயிற்று, தூக்கி எறிந்துவிட்டு மின்சார மோட்டார் வையுங்கள்" என்று முன்பே சொன்னதை நான் சமாதானம் போல எடுத்துச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். "தறி ஓடவில்லையென்றால் தறியையா கொளுத்துகிறோம், தம்பி? எந்த இழை அறுந்தது என்றுதானே முதலில் பார்ப்போம்?" என்று சொல்லி, பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார்.

இந்த இடத்தில், பழைய வைப்பர் எப்படி வேலை செய்கிறது என்பதை நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மின்சாரம் கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா? அந்த உறிஞ்சும் சக்தியை ஒரு ரப்பர்க் குழாய் வழியாக அரைவட்டப் பெட்டி ஒன்றுக்குக் கொண்டு வருகிறார்கள். பெட்டிக்குள் தோல் விளிம்பு வைத்த ஒரு தகடு இருக்கிறது. ஒரு பக்கத்துக் காற்றை எஞ்சின் உறிஞ்ச, மறுபக்கத்தில் புகும் வெளிக்காற்று தகட்டைத் தள்ளுகிறது. தகடு கோடிக்குப் போனதும் ஒரு சிறு வால்வு பக்கத்தை மாற்றிவிடுகிறது. தறியில் நாடா போய் வருவது போலத் தகடும் போய் வருகிறது.

எஞ்சின் சும்மா ஓடும்போது காற்று வரும் வாசல் ஏறக்குறைய மூடியிருக்கும். ஆகவே உறிஞ்சும் பலம் அதிகம். நல்ல எஞ்சினில் பாதரச அளவில் சுமார் 18 முதல் 21 அங்குலம் வரை காட்டும். ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தினால் வாசல் திறந்து, அந்தப் பலம் அநேகமாகப் பூஜ்யமாகிவிடுகிறது. வேகம் வேண்டிய நேரத்தில் பார்வை போவதன் ரகசியம் இதுதான்.

மெக்கானிக் முதலில் மோட்டாரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர்க் குழாயை விரலால் அழுத்திப் பிடித்தார். எஞ்சினின் சத்தம் உடனே சீரானது. "பார்த்தீர்களா, ஐயா? எங்கேயோ காற்று திருடுகிறது" என்றார். குழாய் சில இடங்களில் வெடித்திருந்தது. பிறகு வைப்பரின் இணைப்புகளைக் கழற்றி, அச்சுகள் இறுகாமல் சுழல்கின்றனவா என்று பார்த்தார். கடைசியில்தான் மோட்டாரைத் திறந்தார். உள்ளே தோல் காய்ந்து சுருங்கியிருந்தது; வால்வில் பழைய கிரீஸ் பிசினாக உறைந்திருந்தது. அழுக்கைத் துடைத்து, பதப்படுத்திய தோலுக்கு இடும் மாட்டுக் குளம்பு எண்ணெயைச் சில துளிகள் விட்டு, இரவு முழுவதும் ஊற வைத்தார். கிரீஸ் போடக் கூடாதாம்; அது தூசியைச் சேர்த்துக்கொள்ளும். மறுநாள் புதுக் குழாய் மாட்டி, கண்ணாடியை நனைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். உலர்ந்த கண்ணாடியில் சோதித்தால் நல்ல மோட்டாரும் திணறும் என்பது அவர் சொன்ன பாடம்.

சில வண்டிகளில் இந்தக் குறையை ஈடுசெய்யப் பெட்ரோல் பம்பிலேயே இன்னொரு உறிஞ்சும் பகுதி உண்டு. அதன் சவ்வு கிழிந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு நீலப் புகை வரும். அப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் வைப்பரோடு பம்பையும் பார்க்க வேண்டும்.

மாற்றவே கூடாது என்று நான் வாதாடவில்லை. பெட்டி விரிசல் விட்டு, அச்சுத் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இரவு மழையில் அடிக்கடி போகிறவர்களும் மின்சார மோட்டாரை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1926-லேயே அதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் என் வண்டியைப் போல 6 வோல்ட் பாட்டரி உள்ள வண்டிக்கு 12 வோல்ட் மோட்டார் பொருந்தாது. பழைய மோட்டாரையும் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1903-ல் கையால் இயக்கும் வைப்பருக்கு உரிமை பெற்றவர் மேரி ஆண்டர்ஸன் என்ற பெண்மணி. பின்னர், பஃபலோ நகரத்தில் நாடகக் கொட்டகை மானேஜராக இருந்த ஜான் ஒய்ஷே என்பவர், மழையில் தம் வண்டி ஒரு சைக்கிள்காரர்மீது மோதியதால் மனம் பதைத்து, 1917-ல் வைப்பர் செய்யும் கம்பெனியையே ஆரம்பித்தார். ட்ரைக்கோ என்று பெயர் பெற்ற அந்தக் கம்பெனிதான் வாக்குவம் வைப்பர்களைப் பெருவாரியாகச் செய்தது. அவருடைய சைக்கிள்காரரும் பலத்த காயமின்றித் தப்பினார். எனக்குக் கம்பெனி ஆரம்பிக்கும் சாமர்த்தியம் இல்லை. ஒரு சங்கற்பம் மட்டும் செய்துகொண்டேன்.

திரும்பி வரும்போதும் மழை பெய்தது. வைப்பர் அழகாக ஆடியது. மேட்டில் ஏறும்போது சற்றே தயங்கியது. அது அதன் பிறவிக் குணம். முன்னால் ஒரு லாரி போயிற்று. நான் காலை எடுத்துவிட்டு, அதன் பின்னாலேயே வேலூர் வரை வந்தேன். மடியில் புடவையை வைத்திருந்த மனைவி வழி நெடுக ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.