பாலாகிப்போன தண்ணீர்

புகைப்படக் கண்காட்சி எதற்குப் போனாலும் ஓர் அருவிப் படம் கட்டாயம் இருக்கும். பாறைமேல் பால் ஊற்றியதுபோல வழவழவென்று ஒரே வெண்மை. குற்றாலமா, ஒகேனக்கலா, அதிரப்பள்ளியா என்பது கீழே எழுதியிருந்தால்தான் தெரியும். பரிசும் பெரும்பாலும் அதற்குத்தான் போகிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது.

லென்ஸுக்கு முன்னால் ஓர் என்.டி. ஃபில்டரை மாட்டினால் இந்தப் படம் கிடைத்துவிடும். பத்து ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். உச்சி வெயிலிலும் ஷட்டரைப் பத்து நொடி திறந்து வைக்கலாம். அந்தப் பத்து நொடியில் சுழிப்பு, நுரை, தெறிப்பு, மிதந்துவந்த இலை எல்லாம் கரைந்து ஒன்றாகிவிடும்.

கேமரா இதற்கு நேர்மாறானதைச் செய்த காலமும் உண்டு. ஆர்தர் வொர்த்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1870களிலிருந்து துளி விழுந்து தெறிப்பதை ஆராய்ந்தவர். இருட்டறையில் ஒரு மின்பொறி வெளிச்சத்தில் கண்ணில் பட்டதைக் கையால் வரைந்தார். கிரீடம்போல, எல்லாப் பக்கமும் ஒரே சீரான படங்கள். 1890களில் அதையே புகைப்படமாக எடுத்தபோது, நிஜத் தெறிப்பு கோணலும் மாணலுமாக இருந்தது. கண்ணும் கையும் அதுவரை தண்ணீரைத் திருத்திக் காட்டியிருக்கின்றன என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தத் திருத்தலிலிருந்து நம்மை மீட்ட கருவியைக் கொண்டே இன்று மறுபடி தண்ணீரைத் திருத்துகிறோம்.

வங்கி வேலையில் இருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் வாய்க்கும். திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் தாமிரபரணியைத்தான் பல வருடங்களாக எடுக்கிறேன். அங்கே துணி துவைக்கும் சோப்பு நுரை இருக்கிறது, அமலைச்செடி இருக்கிறது, கல் மண்டபத் தூணில் மோதித் திரும்பும் சிற்றலை இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோவிலே மூழ்கியது. அன்றைய செந்நிற வேகத்தைப் பத்து நொடி ஷட்டரில் எடுத்திருந்தால் அசையாத மண்தரைபோல வந்திருக்கும்.

உள்ளபடி எடுப்பதுதான் கடினம். கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க நுரை என்றால் அது மங்கும். கரும்பாறை நிறைந்திருந்தால் நுரை வெளிறிப்போகும். ஒவ்வொரு முறையும் கையால் திருத்த வேண்டும். போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் மேற்பரப்பின் பளபளப்பு அடங்கி அடியில் மணலும் மீனும் தெரியும். கூடவே ஆற்றில் விழுந்திருந்த வானமும் போய்விடும். எதை விடுவது என்பதை எடுப்பவர்தான் முடிவு செய்தாக வேண்டும். குற்றாலச் சாரலிலோ லென்ஸைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த துளி விழுந்திருக்கும்.

ஷட்டர் வேகம்தான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தால் துளி துளியாக நின்றுவிடும், ஓட்டம் தெரியாது. அறுபதில் ஒன்றுக்கும் இருநூற்றைம்பதில் ஒன்றுக்கும் இடையில் எங்கோ தண்ணீரின் வடிவமும் வேகமும் சேர்ந்து வரும். பேரருவிக்குச் சரியானது படித்துறைக்குச் சரிவராது. ஆடியில் சரியானது மாசியில் சரிவராது. இதற்குச் சூத்திரம் கிடையாது. ஒரே இடத்துக்கு வருடம் முழுக்கப் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒன்று. வியூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்கு மேலே தண்ணீர் ஏறுவது தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. பாசிப் பாறையில் முக்காலியை ஊன்றும்போது, கூட ஒருவர் நின்று மேலே பார்க்கட்டும்.

போட்டி நடத்துபவர்களிடம் என் கோரிக்கை இது: தண்ணீருக்கென்று ஒரு பிரிவு வையுங்கள். ஷட்டர் வேகம், இடம், தேதி மூன்றையும் படத்தின் கீழ் எழுதச் சொல்லுங்கள். படியோ பாலத்தூணோ, நீர்மட்டம் தெரிய ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். சோப்பு நுரை தெரிகிறது என்பதற்காகப் படத்தை ஒதுக்காதீர்கள். எந்த ஆறு, எந்த மாதம் என்று பார்த்தவுடன் ஊர்க்காரர் சொல்லிவிடும் படத்துக்கு முதல் பரிசு கொடுங்கள்.