ஆறு வாரம் தண்ணீர்க் கேனைத் தூக்கப் போவது யார்?

'டம்மி டக்' எனப்படும் வயிற்றுச் சீரமைப்பு அறுவை சிகிச்சை பற்றி அறிய வருவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே எங்களிடம் கேட்கின்றனர். எத்தனை கிலோ குறையும்? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? முதல் கேள்விக்கான விடை பலருக்கு ஏமாற்றமளிக்கும். இது எடை குறைப்பதற்கான சிகிச்சை அன்று. இரண்டாவது கேள்விக்கு முன்பாக வேறொன்றைக் கேட்டாக வேண்டும் என்பது எங்கள் கருத்து: ஆறு வாரம் உங்கள் வீட்டில் பாரம் தூக்கப் போவது யார்?

கருவுற்ற காலத்தில் வயிற்றின் நடுவே இருபுறமும் உள்ள தசைப் பட்டைகள் விலகுகின்றன. பிரசவத்துக்குப் பின் பலருக்கு அவை மீண்டும் நெருங்கிவிடும்; சிலருக்கு நெருங்குவதில்லை. பிள்ளை பெற்றவளின் வயிற்றைப் பழைய பருத்திச் சேலையால் கட்டிவிடும் நம் பாட்டிமார் வழக்கம் இடுப்புக்கு ஆதரவு தரும். ஆனால் விலகிய தசையைச் சேர்க்காது. அறுவை சிகிச்சையில் அடிவயிற்றில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கீறி, தொங்கும் தோலையும் அதனடிக் கொழுப்பையும் அகற்றி, தசைகளை உள்ளே தையலிட்டு இணைக்கிறோம். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு அப்படியே இருக்கும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன் முறையில் நிகழ்ந்துள்ளன. ஆகவே எங்களிடம் வரும் தாய்மார் பலருக்கு வயிற்றில் ஏற்கெனவே தழும்பு உண்டு. அத்தழும்பின் அடியில் குடலிறக்கம் ஒளிந்திருக்கலாம். அதை முன்னதாகவே பார்த்துவிட வேண்டும். இன்னொரு குழந்தை பெறும் எண்ணமுடையவர்கள் காத்திருப்பதே நன்று. எடை குறைத்து வருபவர்களும் அது ஆறு மாதமேனும் நிலைபெறும்வரை பொறுத்திருக்கலாம். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் காயத்தை ஆறவிடா. தசை விலகல் மட்டும் உள்ளவர்கள் முதலில் உடலியக்கப் பயிற்சியை முயன்று பார்க்கட்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். முதல் வாரம் நிமிர்ந்து நடக்க இயலாது. முன்குனிந்தே நடக்க வேண்டும். படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை தேவை. இருமல் வந்தால் வயிற்றின்மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்காகப் படுத்தே கிடத்தலும் ஆகாது. காலில் இரத்தம் உறையாதிருக்க, சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து சில அடிகள் நடந்தாக வேண்டும். அழுத்தப் பட்டையைப் பல வாரங்கள் அணிய வேண்டும். நம் சித்திரை வெயிலில் அது சிறு தண்டனைதான். இரண்டு பட்டைகள் வாங்கித் துவைத்து மாற்றுங்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று வாரங்களில் திரும்பலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நின்றபடி, குனிந்து நிமிர்ந்து பணிபுரிபவருக்கு அது போதாது. வீட்டுப் பாரமும் சிறிதன்று. தண்ணீர்க் கேன் 20 லிட்டர். நிறைந்த எரிவாயு உருளை 30 கிலோ அளவில் இருக்கும். ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் மூன்று வயதுக் குழந்தையின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு வாரத்துக்குள் இவற்றைத் தூக்கினால் உள்தையல் பிரியக்கூடும். "மாமியார் ஒரு வாரம் வந்திருப்பார்" என்ற விடை எங்களுக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

முட்டையும் மீனும் தின்றால் சீழ் வைக்கும் என்று பத்தியம் காக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. காயம் ஆறப் புரதமே தேவை. அவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். காயத்தின்மேல் மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டா. தொப்புளுக்குக் கீழே மரத்திருப்பது இயல்பே, மாதக்கணக்கில் நீடிக்கலாம். தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினாலும், காய்ச்சலுடன் காயம் சிவந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அழகுக்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. குடலிறக்கமும் இருந்தால், அதற்குரிய பகுதி பற்றிக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஆலோசனைக்கு வரும்போது கணவரையோ, வீட்டுப் பொறுப்பை ஏற்கவிருக்கும் வேறொருவரையோ உடன் அழைத்து வாருங்கள். அந்த ஆறு வாரங்களைப் பற்றி நாங்கள் பேச வேண்டியது அவரிடமுந்தான்.