எழுந்து ஓடு என்று சொல்லுமுன்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காய்ச்சலோடு பள்ளிக்குக் கிளம்பினாலும் இதையே சொல்வார்கள். தேர்வுக்காக நள்ளிரவு வரை கண்விழித்தாலும் இதையே சொல்வார்கள். மறுக்க முடியாத பேச்சுதான். ஆனால் சிறு வயது முதல் பந்தும் கையுமாக வளர்ந்த ஒருவனிடம் போய், “சுவரில் விரிசல் கண்டுவிட்டது, இனிச் சித்திரமே வேண்டாம்” என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? இக்கேள்வி எங்களுக்குள் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

இவ்வாண்டு விளையாட்டு விழாவுக்கான பயிற்சியில், 800 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கால் எதிலும் தட்டாமலேயே விழுந்தாள். கோட்டுக்கு அப்பால் நின்ற நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? “எழுந்திருடி! ஓடு! இன்னும் பாதிச் சுற்றுதான்!” என்று கத்தினோம். உடற்பயிற்சி ஆசிரியை ஓடிவந்து அவளைத் திருப்பிப் படுக்க வைத்தபோதுதான் எங்கள் வாய் அடங்கியது. நல்லவேளை, சிறிது நேரத்தில் கண் விழித்தாள். இதயத்தை முழுமையாகச் சோதித்துப் பார்க்கும்வரை ஓடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளோ அடுத்த வாரமே காலணியை மாட்டிக்கொண்டு திடலுக்கு வந்து நின்றாள். நாங்களும் “உனக்கு ஒன்றும் ஆகாதுடி” என்றோம். அவள் ஓடாவிட்டால் பச்சை அணிக்குக் கோப்பை இல்லையே! வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அதன்பின் இப்படி விழுந்தவர்களைப் பற்றித் தேடிப் படித்தோம். அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடிய இருவரின் கதை எங்களை உறங்கவிடவில்லை.

முதலாமவர் ஹேங்க் கேதர்ஸ். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகத்தின் வீரர். (லயோலா என்ற பெயர் நமக்குப் புதிதன்று, அதுவும் இயேசு சபையாரின் கல்வி நிலையமே.) 1988-89ஆம் ஆண்டில் நாட்டின் முதல்நிலைக் கல்லூரி வீரர் அனைவரிலும் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே, கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை அதிகமாகப் பிடித்தவரும் அவரே. 1989 டிசம்பர் 9 அன்று ஆட்டத்தின் நடுவே, தனி எறிவு எறியும் கோட்டருகே சாய்ந்தார். இதயத் துடிப்பில் கோளாறு என்று கண்டறிந்து, துடிப்பைக் கட்டுப்படுத்தும் புரோப்ரனலால் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். டிசம்பர் 30 அன்று மீண்டும் களத்தில் இருந்தார். இடையே இருபத்தொரு நாட்கள்!

மாத்திரை உடம்பைச் சோர்வாக்குகிறது, முன்போல் ஓட முடியவில்லை என்று அவர் குறைப்பட்டார். மாத்திரையின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஆட்டமும் பழையபடி உயர்ந்தது. பிலடெல்பியாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தொழில்முறை ஆட்டத்தில் சேர்ந்தால் குடும்பத்தின் வறுமை தீரும். அந்த நிலையில் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லியிருப்பார்? 1990 மார்ச் 4 அன்று, தோழர் உயரே வீசிய பந்தை எம்பிப் பிடித்துக் கூடைக்குள் திணித்தார். அரங்கமே ஆர்ப்பரித்தது. சில நொடிகளில் விழுந்தார், எழ முயன்றார், மறுபடி விழுந்தார். அன்றே உயிர் பிரிந்தது. வயது 23. இதயத் தசையில் நோய் இருந்ததாகப் பிணப் பரிசோதனை கூறியது.

இரண்டாமவர் கீயான்டே ஜான்சன். புளோரிடா பல்கலைக்கழக வீரர். 2020 டிசம்பர் 12 அன்று டல்லஹாசி நகரில் நடந்த ஆட்டத்தில், இவரும் அதேபோல் உயரே வந்த பந்தைத் திணித்துவிட்டு மகிழ்ந்தவர்தான். சிறு இடைவேளை முடிந்து களத்துக்குத் திரும்பும்போது முகங்குப்புற விழுந்தார். மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். பத்து நாளில் வீடு திரும்பினார். திடலுக்கு மட்டும் திரும்பவில்லை. ஓராண்டுக்கு மேலாக அணியோடு அமர்ந்து, சக வீரர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். 2022 மார்ச் 5 அன்று, வழியனுப்பு நாளில், பெயரளவுக்கு ஐவரில் ஒருவராக இறங்கி, சில நொடிகளில் வெளியே வந்தார். வருமுன் குனிந்து தரையை முத்தமிட்டாராம். இத்துடன் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. பல சோதனைகளுக்குப் பின் மருத்துவர்கள் அனுமதிக்க, கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2022 நவம்பர் 7 அன்று களமிறங்கினார். இனி ஆட முடியாது என்று ஒதுங்கியிருந்தால் 50 லட்சம் டாலர் காப்பீட்டுத் தொகை கிடைத்திருக்கும் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதை விட்டுவிட்டு வந்தார்! அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரி 17.4 புள்ளிகள் எடுத்தார். அவருடைய அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாயிற்று. 2023இல் தொழில்முறை அணியொன்றும் அவரைத் தேர்ந்தெடுத்தது.

விழுந்த நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் இடையே 695 நாட்கள். ஒருவர் இருபத்தொரு நாளில் திரும்பி இறந்தார், மற்றவர் பொறுத்திருந்து வென்றார் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் அது சரியன்று. இதயம் ஒவ்வொருவருக்கும் வேறு. 2023 ஜூலையில் பயிற்சியின்போது விழுந்த பிரானி ஜேம்ஸ் என்ற கல்லூரி மாணவர், பிறவிக் குறைக்குச் சிகிச்சை பெற்று அந்த டிசம்பரிலேயே ஆடினார். ஆகவே எத்தனை நாள் என்பதைவிட, யார் முடிவு செய்வது என்பதே எங்கள் கேள்வி.

“அவன் உயிர், அவன் முடிவு” என்கிறார் எங்களில் ஒருத்தியின் அண்ணன். எங்களுக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஆசை நிறைந்த நெஞ்சு தன் நோயைத் தானே சரியாக அளக்குமா? பயிற்சியாளருக்கு வெற்றி வேண்டும். கல்லூரிக்குப் பெயர் வேண்டும். நண்பர்களுக்கோ அவன் முகம் வாடக்கூடாது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் ஒவ்வொருவருக்கும் அவன் ஆடினால் ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் எந்த லாபமும் இல்லாத ஒரு மருத்துவரின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் ஆடுவோர் அனைவரும் இதய மின்வரைபடம் உள்ளிட்ட சோதனையில் தேற வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கால்பந்துத் திடலில் விழுந்து பிழைத்த டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், மார்புக்குள் மின்கருவி பொருத்தியிருந்ததால் அந்நாட்டில் தொடர்ந்து ஆட முடியவில்லை. இங்கிலாந்து சென்று ஆடினார். எந்த நாடு செய்தது சரி? எங்கள் வகுப்பில் இதுபற்றி இரண்டு கட்சிகள். இன்னும் சண்டை தீரவில்லை. ஆனால் இத்தாலியில் அணித்தலைவரோ ரசிகர்களோ முடிவு செய்யவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரிக்சன் பிழைத்தது, ஓடிவந்தவர்கள் மார்பை அழுத்தவும் மின்னதிர்ச்சி கொடுக்கவும் கற்றிருந்ததால்தான். நாமோ யாராவது விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்போம். சாவிக்கொத்தைக் கையில் திணிப்போம். சுற்றி நின்று காற்றை மறைப்போம். துடிப்பு நின்றவருக்கு இவை எதுவும் உதவா. நடுமார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணாலும் இது முடியும். அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முன் இப்பயிற்சியை எங்களுக்கு அளிக்குமாறு தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

கேதர்ஸ் வலக்கைக்காரர். தனி எறிவு சரியாக வராததால் இடக்கையால் எறியப் பழகியிருந்தார். அவர் மறைந்த பின், அவருடைய பள்ளிப் பருவத் தோழர் போ கிம்பிள் தேசியப் போட்டியின் ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் முதல் தனி எறிவை இடக்கையால் எறிந்தார். நான்கு ஆட்டங்கள்; நான்கும் கூடையில் விழுந்தன. படித்தபோது எங்களில் பலர் அழுதோம். தோழனுக்காக இப்படி எறிய வேண்டிய நாள் நமக்கு வரவேண்டாம் என்று ஒருத்தி சொன்னாள்.

எங்கள் தோழிக்கு அடுத்த மாதம் பெரிய மருத்துவமனையில் சோதனை. விளையாட்டு விழாவன்று அவள் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே நின்றாள். பச்சை அணிக்கு மூன்றாம் இடம்தான். “எப்போதடி ஓடப் போகிறாய்?” என்று அவளை யாரும் கேட்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம்.