விரட்டுவது வேறு, ஒழிப்பது வேறு

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் பொழுது சாய்ந்ததும் கொசுவர்த்தி புகையத் தொடங்கும். புகை வளர்ந்த பூச்சிகளை விரட்டுமேயன்றி, அவை பிறக்கும் இடத்தைத் தொடாது.

பிறப்பிடங்கள் வெவ்வேறு. பழ ஈ அழுகும் பழத்தில் முட்டையிடும். குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மயிரடர்ந்த சிற்றீ, சாக்கடைக் குழாயின் அழுக்குப்படலத்தில் வளரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ சேமித்த நீரை நாடும். டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய அதன் முட்டைகள், நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவி, இறுக மூட வேண்டும்.

ஆயினும் முழுப் பழியையும் வீட்டுப் பெண்கள்மீது சுமத்துவது அறமன்று. வற்றாத ஆறு இல்லாத மாவட்டத்தில் நீரைச் சேமிப்பது தேவை. அதனை அலட்சியம் எனல் தகாது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களோ அங்கேயே வாழ்கின்றன. டிரம்மைத் தேய்ப்பது அவர்தம் கடமையெனில், முறையாகக் குடிநீர் வழங்குவதும் தெருச் சாக்கடை தேங்காமல் காப்பதும் நகரசபையின் கடமை. இவ்விரண்டில் எது தவறினும் ஆதாயம் கொசுவர்த்தி விற்பவர்க்கே.