தேர்வு கேட்காவிட்டாலும் எழுதட்டும்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதப்படும் எஸ்.ஏ.டி. தேர்வில் 2005இல் 25 நிமிடக் கட்டுரை சேர்க்கப்பட்டது. மொத்த மதிப்பெண் 1600இலிருந்து 2400 ஆனது. 2016இல் அது மீண்டும் 1600 ஆனது. கட்டுரை கட்டாயமில்லை என்றானது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் கைவிடப்பட்டது. 2021இல் கட்டுரை பெரும்பாலும் நிறுத்தப்பட்டது.

தவறுக்கான தண்டனை நீங்கியது நன்றே. பிள்ளைகள் அஞ்சாமல் முயல்வர். அவசரமாக எழுதும் கட்டுரை ஒருவரின் திறனை முழுமையாகக் காட்டாது என்பதும் உண்மையே. ஆயினும், நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வது வேறு. தன் கருத்தைக் காரணங்களோடு நிறுவுவது வேறு. பின்னது எழுதியெழுதியே கைவரும். கல்லூரி விண்ணப்பங்கள் பலவும் இன்றும் கட்டுரை கேட்கின்றன.

எழுதுகோலின் மாண்பை அறிந்த சமுதாயம் நாம். வாரம் ஒரு பக்கமேனும் பிள்ளைகளை எழுதச் செய்து, அமர்ந்து வாசியுங்கள். மதிப்பெண் இட வேண்டாம், “ஏன் இவ்வாறு கருதுகிறாய்?” என்று கேளுங்கள், அது போதும்.